அடி முடிந்த பிறகு ஒரு கணம்

மகனே,

தொலைக்காட்சிக்கு முன்னால், கம்பளத்தில், நீ எப்போதும் உட்காரும் இடத்தில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். எழும்ப யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் பிறகு பார்க்கலாம். ஞாயிறு பின்னேரம். பூசை முடிந்து வந்து, மீன் குழம்பைச் சூடாக்கித் தனியே சாப்பிட்டுவிட்டு யன்னல் திரையை விலக்கினேன். லா சப்பல் மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் நம் சுவரில் ஏறி, உன் அப்பாவின் படத்தை ஒரு தடவை தொட்டு, கூரையில் போய்க் கரைகிறது. சின்னவனாக இருந்தபோது நீ அதை மீன் என்பாய். "அம்மா, இன்னொரு மீன் போகுது" என்பாய். கீழே கடைத்தெருவில் யாரோ யாரையோ உரத்துக் கூப்பிடுவது மூன்றாம் மாடிக்கு வரும்போது பாட்டுப்போல இருக்கிறது.

இன்னும் பதின்மூன்று நாளில் உனக்கும் சிந்துஜாவுக்கும் திருமணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை அந்தக் காலையில் தாயின் முன் முழந்தாளிட்டு, நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டுதான் வீட்டுப் படியை விட்டு இறங்குவான். நீ அடுத்த மெத்ரோ தரிப்பான ஸ்டாலின்கிராட்டில் சிநேகிதன் வீட்டிலிருந்து புறப்படப் போவதாக உன் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அவர் தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, "அண்ணி, அவன் கோவத்திலை சொல்லுறான், நான் கதைக்கிறன்" என்றார். "ஒருத்தரும் கதைக்க வேண்டாம்" என்றேன். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் தூதர் வைத்துப் பழக்கமில்லை எனக்கு. ஆகவே நானே எழுதுகிறேன். நீ இந்த வீட்டுப் படியிலிருந்து இறங்க வேண்டும் என்பது என் ஆசை. அதைக் கேட்க எனக்கு உரிமை மிஞ்சியிருக்கிறதா என்பதை, வாசித்து முடித்துவிட்டு நீ சொல்.

2009 நத்தார்ப் பண்டிகைக்கு உன் அப்பா தொலைக்காட்சியில் மாட்டும் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். யாரோ கூட வேலை செய்தவரின் மகன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. உனக்குப் பதினொரு வயது. நான் அன்று ஒரு பிரசங்கமே வைத்தேன். கன்னியர் மடத்தில் படித்த எனக்கு, ஆளை ஆள் அடித்து வீழ்த்துவதைப் பிள்ளைக்கு விளையாட்டு என்று கொடுப்பது பாவமாகத் தெரிந்தது. புதன்கிழமைகளில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள் கண்ணில் படாதபடி அதற்கு ஒரு துணியும் போட்டு மூடினேன். உன் அப்பா ஒன்றும் சொல்லாத மனிதர். நான் பூசைக்குப் போன நேரத்தில் துணியை எடுத்துவிட்டு உன்னோடு இருந்து விளையாடியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் கண்மூடியபோது உனக்குப் பதினான்கு. அதன் பிறகு நீ வீட்டில் பேசுவதை விட்டுவிட்டாய். கேட்டால் பிரெஞ்சில் ஒரு சொல், இல்லாவிட்டால் தோளை ஒருதரம் தூக்குவாய். நான் பேச்சால் உன்னைத் துரத்தினேன். நீ இன்னும் உள்ளே போனாய். ஒரு மாரிகால ஞாயிறு, நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கிய ஒரு பின்னேரம், நீ இந்தக் கம்பளத்தில் இருந்து தனியே விளையாடிக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் இரண்டாவது மனெத் கிடந்தது. கையில் பிடிக்கும் அந்தப் பொத்தான் கட்டைக்கு நீ சொன்ன பெயர்தான் எனக்கும் தெரியும். அது உன் அப்பாவுடையது. ஏன் என்று இன்றும் தெரியாது, சேலையை ஒதுக்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து அதை எடுத்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, மதர் சுப்பீரியர் எங்களோடு கயிறு துள்ளி விளையாட வந்தால் நாங்கள் பார்ப்பதைப்போல இருந்தது.

"இவவை எடுங்கோ அம்மா. உங்களை மாதிரி." திரையில் வரிசையாக நின்ற ஆட்களில் ஒருத்தியைக் காட்டினாய்.

"ஏன், தலை நரைச்சிருக்கெண்டோ?"

"நொன், இல்லை. ஒருத்தருக்கும் பயமில்லை. ஆனா காவலும் இல்லை."

வெள்ளை அங்கி, வெள்ளைத் தலை, ஆளைவிட நீளமான வாள். சும்மா நிற்கும்போது ஒற்றைக் காலில் நிற்பாள். அதனால் நான் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தேன். திரையின் மேலே இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, அதுதான் உயிர். நடுவில் தொண்ணூற்றொன்பதிலிருந்து குறைந்துகொண்டு போகும் நேரம். கொக்கு மூன்று தரம் வீசினால் எந்த மலையும் சரியும். ஆனால் மூன்று அடி வாங்கினால் அவளும் சரிவாள். தடுக்கத் தெரியாது, தடுத்தாலும் பாதி அடி உள்ளே வந்துவிடும். "அப்ப வாங்காமல் அடிக்கிறன்" என்றேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்றாய். இரண்டு மாதத்துக்குப் பிறகு நீ என்னோடு பேசிய முதல் நீளமான பேச்சு அது. ஆறு வசனம் இருக்கும். எண்ணினேன்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு என்று கணக்கில்லை. என்னுடைய கை மெதுவாகத்தான் பழகியது. ஆனால் அந்த வீச்சு! மகனே, அதை நான் விரும்பினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கையில் எங்கும் கிடைக்காத ஒரு நியாயம் அதில் இருந்தது. வாளை ஓங்கினால் திரை முழுவதும் வெளிச்சமாகும். எதிரே நிற்கிறவன் இலைபோலப் பறப்பான். ஆனால் ஓங்கிய அடி படாமல் போனால் வாள் நிலத்தில் இறங்கிவிடும். அதை இழுத்தெடுக்க அவளுக்கு ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தில் எந்தப் பொத்தானை அமத்தினாலும் அவள் அசையமாட்டாள். நீ அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பாய்.

"அம்மா, அடிக்கிறது பிழையில்லை. அடிச்சுப்போட்டு அங்கையே நிக்கிறதுதான் பிழை. வாள் இறங்க முந்தியே பின்னாலை அமத்துங்கோ."

"பின்னாலை போறது எங்கடை பரம்பரையிலை இல்லை."

"அப்ப பரம்பரை தோத்துப்போச்சு. ஏழுக்குப் பூச்சியம்."

சண்டைக்குப் பல இடங்கள் இருந்தன. எனக்கு ஒன்றுதான் வேண்டும். உறைந்த ஏரி, கரையில் சிவப்பு விளக்குகள், ஓயாமல் விழும் பனி. அங்கே போனால் நான் சண்டையை மறந்துவிடுவேன். பனி கொக்கின் தோளில் விழுந்து மறைவதைப் பார்ப்பேன். வெளியே மெத்ரோ போகும். அதன் மீன் திரைக்குள் நீந்தி ஏரிக்குள் போய்விட்டது போலிருக்கும். அந்த வேளைகளில் உன் அப்பா குசினியில் தேநீர் போடுகிறார், இப்போது கோப்பையோடு வருவார் என்று ஒரு நினைப்பு, நினைப்புக்கூட இல்லை, ஒரு மணம், வந்துவிட்டுப் போகும். உனக்கும் வந்திருக்கும். ஒருநாள் நீயே சொன்னாய்: "அம்மா, இண்டைக்கு அடிக்காமல் இருப்பம். தொண்ணூற்றொன்பதும் முடியும்வரை. என்ன நடக்குதெண்டு பாப்பம்." ஓம் என்றேன். இருவரும் பனியில் நின்றோம். ஐம்பது. முப்பது. நீ மனெத்தைக் கம்பளத்தில் வைத்துவிட்டு, காலைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாய். பத்து. ஐந்து. மூன்று என்றபோது நான் அடித்தேன்.

நீ சிரித்தாய். ஆனால் சிரிக்க முந்தி உன் முகத்தில் வந்துபோனதை நான் பார்த்தேன். "அம்மா, நான் கையை எடுத்திட்டனே" என்றாய். வெற்றி என்று திரையில் எழுத்து விழுந்தது. எனக்கு வெற்றி வேண்டியிருக்கவில்லை. கடைசி நொடியில் நீ அடித்துவிடுவாயோ என்ற பயம்தான். பயந்தவர்கள்தான் முதலில் அடிப்பார்கள் என்று கன்னியர் மடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இப்போது உன் அப்பாவின் சட்டைகளைப் பற்றி. ஒவ்வொரு நாளும் ஒரு வெள்ளைச் சட்டையை அயன் பெட்டியால் மினுக்கி வைப்பேன். கழுத்தில் ரையும் கட்டிக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போவார், ரையோடுதான் திரும்புவார். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் என் பள்ளித் தோழிகளுக்கு, அவர் ஒரு ஹோட்டலில் பொறுப்பாக இருக்கிறார் என்று எழுதினேன். பத்தொன்பது வருடம் எழுதினேன். அவர் ஒரு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவினார். போனதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அதையே போட்டுக்கொண்டு வருவார். நான் கேட்டுத்தான் அப்படிச் செய்தார். உனக்கு இது தெரியும் என்பது எனக்குத் தெரியாது. உன் முகத்தைத் தடவும்போது அவர் புறங்கையால்தான் தடவுவார், உள்ளங்கை வெடித்திருக்கும். பிள்ளைகள் கையைப் படிக்கிறார்கள். நாங்கள்தான் சட்டையைப் பார்க்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருதரம் சொல்ல வேண்டும். லெ பிளாங்-மெனிலிலிருந்து சிந்துஜாவின் அப்பாவும் அம்மாவும் அவளும் நாள் குறிக்க வந்தார்கள். பழம், வெற்றிலை, எனக்கொரு சேலை எல்லாம் வைத்த தட்டத்தோடு அவள் அப்பா எழும்பினார். நானும் எழும்பினேன். அவர் என்னைக் கடந்து போய் உன் சித்தப்பாவிடம் நீட்டினார். மாப்பிள்ளையைப் பெற்றவள் நான் நிற்க, தட்டம் இன்னொருவர் கைக்குப் போனது. விதவை என்பதால்தான் என்று அந்த நொடியே தீர்மானித்துவிட்டேன். கொக்கு வாளை ஓங்கிவிட்டாள்.

"தட்டம் வாங்க எனக்குக் கை இல்லையெண்டு நினைச்சிட்டியளோ? பறவாயில்லை. கோப்பை கழுவின கையாலை வாற தட்டத்தை வாங்க நானும் ஆசைப்படேல்லை."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "ஓம் அக்கா, கழுவினனான்தான்" என்று மட்டும் சொன்னார். சிந்துஜா நிலத்தைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாள் நிலத்தில் இறங்கிவிட்டது. எது சொன்னாலும் போதும், "பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றால் போதும் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. நான் சொன்னது என்ன தெரியுமா? "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." அதையும் ராணி மாதிரிச் சொன்னேன். அப்போதுதான் நீ எழும்பினாய். உரத்துக்கூடப் பேசவில்லை. "அப்பாவும் கோப்பை கழுவினவர்தான், அம்மா" என்றாய். அவர்களோடு படியிறங்கிப் போனாய். நான் அப்பாவின் படத்தைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

ஏழு வாரம் ஆகிறது. முதல் நாலு வாரம் நான் சரி என்று இருந்தேன். என்னை உனக்குத் தெரியும். ஐந்தாவது வாரம் அலுமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். இந்தப் புதிய தொலைக்காட்சியில் அது பொருந்தவில்லை. கீழே தொலைபேசிக் கடையில் நிற்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். "அன்ரி, பேரப்பிள்ளைக்கோ?" என்றான். "எனக்கு" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு வயர் தேடித் தந்தான். தினமும் பின்னேரம் தனியே விளையாடினேன். ஒரேயொரு விஷயம்தான் பழகினேன்: வாள் இறங்க முந்தியே பின்னால் அமத்துவது. எத்தனையோ தரம் பிந்திப்போனேன். பிந்துவது ஏன் என்று கடைசியில் விளங்கியது. அடி பட்டதா என்று பார்த்துவிட்டுப் பின்வாங்க நினைத்தால் நேரம் போய்விடும். ஓங்கும்போதே, இது பிழைக்கலாம் என்று மனதில் ஒரு மூலை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுபதை நெருங்கும்போது எனக்கு வந்த ஞானம் இது. உனக்கு இருபத்தேழில் தருகிறேன். சிந்துஜாவோடு சண்டை வரும், வரட்டும். நீயும் என் பிள்ளைதான், ஓங்குவாய். ஓங்கும்போதே அந்த மூலையைத் திறந்து வை.

போன வியாழக்கிழமை ஒரு தட்டத்தில் பழமும் நான் செய்த றிச் கேக்கும் வைத்து மூடிக் கட்டிக்கொண்டு, ரயிலும் பஸ்ஸும் எடுத்து லெ பிளாங்-மெனிலுக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. கதவைத் திறந்தது சிந்துஜாவின் அப்பாதான், வீட்டில் கட்டும் சாரத்தோடு. "ஐயோ அக்கா! பொறுங்கோ, உடுப்பு மாத்திக்கொண்டு ஓடிவாறன்" என்று உள்ளே திரும்பினார்.

"மாத்த வேண்டாம்" என்றேன். இந்தச் சொல்லை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

உட்காராமலே, ரயிலில் பாடமாக்கியதைச் சொன்னேன். "நான் பிழையாக் கதைச்சிட்டன். என்ரை மனுசனும் பத்தொன்பது வருசம் கோப்பை கழுவினவர். அதை இந்த வாயாலை ஒருநாளும் சொன்னதில்லை. இண்டைக்குத்தான் சொல்லுறன்." சொல்லிவிட்டு அடிக்காகக் காத்து நின்றேன். அவர் அடிக்கலாம், எனக்குக் காவல் இல்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டது இதுதான்.

"எந்தப் பக்கம் அக்கா, ரெஸ்ரோறன்ட்?"

"ஒப்பெராப் பக்கம்."

"அப்ப நிலத்துக்குக் கீழை. அந்தப் பக்கம் எல்லாம் அப்பிடித்தான். யன்னலும் இராது. அண்ணை கண்ணாடி போடுறவரோ?"

"ஓம்."

"கழட்டி வைச்சிட்டுத்தான் நிண்டிருப்பார். மெஷின் திறக்க ஆவி வந்து அடிக்கும், கண்ணாடி போட்டா ஒண்டும் தெரியாது. கை லெமன் மணந்திருக்குமே?"

"மணக்கும். என்ன கழுவினாலும் போகாது."

"போகாதக்கா. மூண்டு கிழமை லீவிலை நிண்டாலும் போகாது. நான் கல்யாணம் கட்டேக்கை இவ கேட்டவ, என்ன அத்தர் போடுறியள் எண்டு." உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி, "போங்கோ, வெக்கமில்லாமல்" என்று அவர் தோளில் தட்டினா.

மகனே, அப்போது உன் அப்பாவை நான் கண்டேன். இத்தனை வருடம் வாழ்ந்தும் பார்க்காத ஓர் இடத்தில், வெள்ளை ஆவிக்கு நடுவில், கண்ணாடி இல்லாமல், தோளில் ஈரம் விழுந்து மறைய நின்றார். நம் ஏரிக்கரை மாதிரி இருந்தது. எவ்வளவு அமைதியாக நின்றார்! சட்டை ஓர் ஆணியில் தொங்கியது, நான் மினுக்கிய மடிப்புக் கலையாமல்.

தட்டத்தின் கதையைச் சிந்துஜாவின் அம்மா சொன்னா. "அக்கா, நீங்கள் மனம் நோகக்கூடாதெண்டுதான் அப்பிடிச் செய்தனாங்கள். எந்தக் கல்யாணத்திலையும் நீங்கள் முன்னுக்கு வாறேல்லை, கடைசி வரிசையிலைதான் இருப்பியள் எண்டு ஆக்கள் சொன்னவை. உங்களை அந்தரப்படுத்தக் கூடாதெண்டு இவர்தான் சொன்னவர்." உண்மை. உன் அப்பா போன பிறகு, யாராவது என்னைப் பின்னால் போகச் சொல்லுமுன் நானே பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு இருந்த ஒரேயொரு காவல் அது. பின்வாங்கத் தெரியாத பரம்பரை என்று உனக்குச் சொன்னவள், மண்டபம் மண்டபமாகப் பின்வாங்கியிருக்கிறாள். அவர்கள் அதை மதித்தார்கள். அந்த மதிப்பைத்தான் நான் அடித்தேன்.

புறப்படும் நேரம் சிந்துஜா வேலையால் வந்தாள். என்னைக் கண்டதும் கதவடியில் நின்றுவிட்டாள். பிறகு, மெதுவாக, "அன்ரி, நீங்கள் கேம் விளையாடுவீங்களாமே? பின்னாலை போகவே மாட்டீங்களாம், அவர் சொன்னவர்" என்றாள்.

"உன்ரை மனுசன் பழைய கதை சொல்லுறான். இப்ப வந்து பார்."

"மூண்டடியிலை விழுத்துவன்."

"மூண்டு அடிக்க விட்டால்தானே!"

சிரித்தாள். அவள் பல்வரிசை நன்றாக இருக்கிறது. இதுவரை நான் கவனிக்க இடம் கொடுக்கவில்லை. உனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மூவரிடமும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் சொல்லி நீ வந்தால், அவர்களுக்காக வந்ததாகிவிடும். தட்டத்தைக் கல்யாணத்தன்று என் கையில்தான் தருவதாக அவர் சொன்னார். வாங்குவேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால், இதை எழுதத் தொடங்குமுன், நம் ஏரியைப் போட்டேன். ஒரு பக்கம் கொக்கு. மற்றப் பக்கம் நீ எப்போதும் எடுக்கும் உன் ஆளை நிறுத்தி, உன் மனெத்தை நீ வைக்கும் இடத்தில் வைத்தேன். பனி விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. பத்து, ஐந்து, மூன்று. என் விரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு, ஒன்று. அன்று நீ கேட்டாயே, என்ன நடக்கும் என்று. ஒன்றும் நடக்காது, மகனே. மணி அடிக்கிறது. இரண்டு பேரின் மஞ்சள் கோடும் முழுதாக இருக்கிறது. இரண்டு பேரும் தலை குனிந்து வணங்குகிறார்கள். இதைப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வைப்பேன். நீ வந்தால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன். வராவிட்டாலும் தேவாலயத்தில் முன் வரிசையில் இருப்பேன். திரும்பிப் பார், அங்கே தெரிவேன். வா என்று சித்தப்பாவை விட்டுச் சொல்லமாட்டேன், தொலைபேசியில் அழமாட்டேன். மனெத் கம்பளத்தில் கிடக்கிறது. நான் கையை எடுத்துவிட்டேன்.

அம்மா